வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம்

கார் சின்னியம்பாளையத்தைத் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த டென்மார்க்குக்காரன் மாதியஸ் அந்த இரண்டாவது லாட் துணியைப் பற்றிக் கேட்டான். பேச்சுவாக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டான், வெளியே ஒரு பைக்கில் மூன்று பேரும் ஒரு கேஸ் சிலிண்டரும் போவதைப் பார்த்துக்கொண்டே. செகண்ட் லாட் என்னாச்சு ரேனு, எப்போது கப்பலுக்குப் போகிறது? ரேணுகாதேவி வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது, நின்றதே அவளுக்குத் திக்கென்றது. அதற்குள் அவன் போன் அடித்தது. மன்னிக்கச் சொல்வதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவன் தன் பாஷையில் பேச ஆரம்பித்தான், தொண்டைக்குள் வெந்நீரை உருட்டுவது மாதிரி ஒரு பாஷை. திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். அவன் பேசி முடிக்கும்வரை நேரமிருக்கிறது. அவன் வீட்டுக்காரியாக இருக்கட்டும், நிறையப் பேசட்டும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லட்டும், சே, குழந்தைக்கு எதற்குக் காய்ச்சல், வேறு ஏதாவது, வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லட்டும். முன்சீட்டிலிருந்து டிரைவர் மயில்சாமி கண்ணாடியில் பார்த்து, "ஏனுங் மேடம், ஏசி பத்துதுங்களா?" என்றார். பத்துதுங்கண்ணா என்றாள். பத்தவில்லை. காதுமடல் இரண்டும் அடுப்பில் வைத்ததுபோல் கொதித்தன. அதற்கு ஏசி என்ன செய்யும்.

ஏர்போர்ட்டில் கையைக் குலுக்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தையே அதுதானே. இங்கர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அப்போதே காது சுட ஆரம்பித்துவிட்டது. ரேணுகா சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வது, ஹவ் இஸ் ஷீ என்றாள். நன்றாக இருக்கிறாள், ஒரு பாலர் பள்ளியில் சமையலறையில் வேலை, காலையில் நூறு குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள் என்றான். சொல்லிவிட்டு, இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தான். இருபது வருஷத்துக்கு மேல் குழந்தைத் துணி வாங்குகிற பெரிய கம்பெனியில் ஒரு பிரிவையே நடத்தினவள் கஞ்சி காய்ச்சுகிறாள். அவள் நாற்காலியில் இப்போது இவன். இவனை அவள்தான் பழக்கிவிட்டாளாம். திருப்பூரில் யாரை நம்பலாம் என்று கேட்டேன், ரேனுவைக் கேள் என்றாள், ரேனு 'வீ ஆர்' என்று 'ஆர்' போட்டுச் சொன்னால் லாரியில் ஏற்றியாகிவிட்டது என்று அர்த்தம், என்றாளாம். அதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு. ஏதோ அவர்கள் இருவருக்குள் இருக்கிற ஒரு பழைய வேடிக்கையை அவளுக்கும் பங்கு கொடுப்பதுபோல. பாராட்டுத்தான். அவளுக்கு அது முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அறைந்தால்கூடப் பரவாயில்லை, அறைந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று ஒரு ஆறுதலாவது உண்டு. இங்கருக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் ஆகியும் தெரியவில்லை. சாயப்பட்டறையில் பாய்லர் உடைந்ததாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள், கஞ்சிப் பானையைக் கிளறிக்கொண்டே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

பல்லடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வருங்காலம் என்றால் இரண்டே வார்த்தைதான். ஷேல், வில். ஐ ஷேல், வீ ஷேல், மற்ற எல்லாருக்கும் வில். வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். நானும் நாங்களும் ஷேல், ஊரில் மிச்சமிருக்கிற அத்தனை பேரும் வில். அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு பி.காம். முடித்து, எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைப் அடிக்கச் சேர்ந்து, அங்கிருந்து மெர்ச்சண்டைசர் ஆனாள். மெர்ச்சண்டைசர் என்றால் வேறொன்றுமில்லை, வெளிநாட்டில் துணி வாங்குகிறவனுக்கும் இங்கே தைக்கிறவனுக்கும் நடுவில் நின்று, அவனிடம் பயப்படாதே என்றும் இவனிடம் பயப்படு என்றும் சொல்லிக்கொண்டிருப்பது. ஆரம்பத்தில் ஒரு நாள் ஸ்பீக்கர் போனில், ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, 'ஐ வில் பி கோ டு செண்டிங்' என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு லண்டன்காரன் சிரித்தது கேட்டது. பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் விட்ட ஒரு சின்னச் சிரிப்பு. இந்தப் பக்கமும் கட்டிங் மாஸ்டர் உள்பட எல்லாரும் சிரித்தார்கள். எது தப்பென்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது, அவன் சிரித்ததால் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்திப் பார்த்தாள். வில் செண்ட். கோயிங் டு செண்ட். செண்டிங். பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள். அப்போது பட்ட வெட்கம் வேறு. அது தெரியாதவளின் வெட்கம். குளித்தால் போய்விடும், ராத்திரி தூங்கினால் பாதி போய்விடும். இது தெரிந்தவளுடையது.

தெரியவைத்ததும் இங்கர்தான். அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் இங்கே வந்திருந்தபோது, அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் இவளை மட்டும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். உங்கள் எம்.டி. வேண்டாம், நாம் இரண்டு பேரும் போவோம் என்றாள். நரைத்த முடியை ஆம்பிளை மாதிரி ஒட்ட வெட்டியிருப்பாள், இட்லியை ஃபோர்க்கால் நோண்டிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு கையாலேயே சாப்பிட்டாள். உன் மெயில்களைப் படிக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது ரேனு என்றாள். எல்லாவற்றிலும் வில் போடுகிறாய். வீ வில் ஷிப், வீ வில் செக், வீ வில் டூ தி நீட்ஃபுல். வில் என்றால் எனக்கு என்ன கேட்கிறது தெரியுமா? இந்த நிமிஷம் என்னைச் சமாதானப்படுத்த உனக்குத் தோன்றிய ஒன்று. நல்ல மனசோடுதான் சொல்கிறாய், ஆனால் அதில் நாள் இல்லை, லாரி இல்லை. வீ ஆர் கோயிங் டு என்றால், சரி, இவர்கள் மனசில் ஒரு தீர்மானம் இருக்கிறது, அறிகுறியும் தெரிகிறது, மேகம் கறுத்திருக்கிறது. ஆனால் வீ ஆர் ஷிப்பிங் ஆன் ஃப்ரைடே என்று எழுதினாய் என்றால், துணி தைத்தாயிற்று, பெட்டி கட்டியாயிற்று, லாரிக்குச் சொல்லியாயிற்று, வெள்ளிக்கிழமை என்பது உன் கையில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டுதான் நான் என் மேலதிகாரியின் அறைக்குள் போக முடியும். மற்ற இரண்டையும் என் மேஜையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படி இதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை. இலக்கணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு மனுஷி இன்னொரு மனுஷியின் அறைக்குள் எந்த வார்த்தையோடு போகிறாள் என்பதாக இருந்தது. அதற்கப்புறம் ரேணுகா ஒரு மெயிலில் 'ஆர்' போடுவதற்கு முன்னால் நாற்காலியை விட்டு எழுந்து பேக்கிங் பக்கம் போய்ப் பெட்டிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவாள். எதுக்கு மேடம் சும்மா சும்மா வர்றீங்க என்று பேக்கிங் பெண்கள் கேட்பார்கள். எழுதறதுக்கு என்பாள். அவர்களுக்குப் புரியாது. அந்த இரண்டு வருஷம் எவ்வளவு கர்வமாக இருந்தது. அதை நினைக்கக் கூடாது. இப்போது அதை நினைக்க அவளுக்கு உரிமை இல்லை.

மாதியஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். யா, யா, யா என்றான். நீலாம்பூர் பாலத்தில் வண்டிகள் நெருங்கி நின்றன. நம் ஊரில் யாருக்கு இந்தக் கவலையெல்லாம் இருக்கிறது. மாமியார் குளியலறையில் இருந்துகொண்டே இதா வந்துட்டேன் என்பாள். இன்னும் தலைக்குத் தண்ணீர்கூட ஊற்றியிருக்க மாட்டாள், வந்துவிட்டாளாம். சாயப்பட்டறைக்காரர் துணியைத் தொட்டிருக்கவே மாட்டார், போன் பண்ணினால் ஆயிருச்சுங் மேடம் என்பார். கொஞ்சம் மனசாட்சி உள்ளவராக இருந்தால் ஆயிட்டே இருக்குதுங் என்பார். நாளைக்கு நடக்கப்போவதை நேற்றே நடந்துவிட்டதாகச் சொல்வதுதான் இங்கே மரியாதை. இல்லை என்று சொல்வது ஒருவரை வாசலோடு அனுப்புகிற மாதிரி. எல்லாரும் அப்படித்தானே என்று அவள் தனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் அப்பா பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். ஒரு தடவை தீபாவளிக்கு முந்தின நாள், கிளம்பிட்டனுங்ப்பா, வந்துட்டே இருக்கேன் என்று போனில் சொன்னாள். சொன்னபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், இன்னும் இரண்டு மெயில் பாக்கி. அப்பா நம்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். இவள் போய் இறங்கும்போது வெயிலில் நின்று நின்று அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ்ஸு லேட்டாம்மா என்று கேட்டார். ஆமாங்ப்பா என்றாள். டிராபிக்கா என்று கேட்டார். ஆமாங்ப்பா. அதற்குமேல் கேட்கவில்லை, பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த ஒட்டின சட்டையின் ஈரம் இன்னும் அவள் கண்ணில் காயவில்லை. எல்லாரும் அப்படித்தான் என்றால் அது மட்டும் ஏன் காயமாட்டேன் என்கிறது.

சரி, அப்பா விஷயம் வாய்த்தவறு. மற்றது வாய்த்தவறு இல்லை. போன வருஷம் அக்டோபர். கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகள் போட்டுக்கொள்கிற ராத்திரிச் சட்டை, சிவப்பில் கொம்பு மான் படம். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தபோது சிவப்பு செங்கல் நிறத்தில் வந்திருந்தது. திருப்பி அனுப்பினால் மறுபடி வர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இங்கர் கேட்டு எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் கப்பலேறாவிட்டால் எனக்கு இப்போதே சொல்லிவிடு, துருக்கியில் ஒருவர் தைத்துத் தரத் தயாராக இருக்கிறார், இன்று மாலைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும், உன் பதிலை வைத்துத்தான் சொல்வேன். எம்.டி. தங்கமுத்து கதவில் நின்று, ஏதாச்சும் சொல்லிச் சமாளிம்மா என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா. பொய் எழுது என்று சொல்லியிருக்கக் கூடாதா, மேஜையைத் தட்டியிருக்கக் கூடாதா. ஏதாச்சும் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அவருக்கு வில்லும் ஒன்றுதான், ஆரும் ஒன்றுதான். அவள்தான் முதலில் 'வீ வில் ஷிப் ஆன் ஃப்ரைடே' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தாள். இதை இங்கர் நம்பமாட்டாள், இதைப் படித்ததும் துருக்கிக்குப் போன் செய்வாள் என்று தெரிந்தது. தெரிந்ததால் அழித்தாள். எழுத்து எழுத்தாக, பின்னாலிருந்து. வீ ஆர் ஷிப்பிங் ஆன் ஃப்ரைடே. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தன்னை நம்பிச் சொல்லிக்கொடுத்தவளின் வீட்டிலேயே அந்தச் சாவியைப் போட்டாள். அன்றைக்கு அவள் எழுந்து பேக்கிங் பக்கம் போகவில்லை. போயிருந்தால் அங்கே ஒரு பெட்டிகூட இருந்திருக்காது. அனுப்பியாயிற்று. உடனே பதில் வந்தது, ஒரு சிரித்த முகத்தோடு. தாங்க் யூ ரேனு, இனி நான் தூங்குவேன். துணி ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. கொம்பு மான் சட்டையை ஜனவரியில் யார் வாங்குவார்கள். அந்த நஷ்டத்தோடு இங்கரின் நாற்காலியும் போயிற்று. பாய்லர் உடைந்ததாக எழுதினாள். அதையும் யாரும் சொல்லித்தரவில்லை, அவளே யோசித்து, இறந்தகாலத்தில், தப்பில்லாமல் எழுதினாள்.

காருக்குள் அவள் போன் நடுங்கியது. எம்.டி.தான். எடுத்துக் காதில் வைத்தாள்.

"ரேணுகா, எங்கம்மா வாரீங்க?"

"நீலாம்பூர் தாண்டிட்டமுங் சார்."

"அவம் பக்கத்துல இருக்கறானா? செரி, தமிழ்தானே பேசறோம். ரெண்டாவது லாட்ட கேட்டா சனிக்கெழம லோடாகுதுன்னு சொல்லிப்போடு. வந்ததும் நேரா சாப்பாடு, அப்பறம் ஷோரூம். குடோன் பக்கம் கூட்டிட்டுப் போகாத."

"சார், துணி இன்னும் சாயத்துக்கே போகலைங்களே."

"அது எனக்குத் தெரியாதாம்மா? நீ அழகாச் சொல்லிப்போடுவியே, அதான் உன்ன அனுப்பியிருக்கறன்."

அழகாச் சொல்லிப்போடுவியே. போனைப் பைக்குள் போட்டாள். பைக்குள் மகளின் உடைந்த பேனா, பஸ் டிக்கெட், பாதி தின்ற கடலைமிட்டாய். வீ ஆர் லோடிங் ஆன் சாட்டர்டே. எவ்வளவு அழகாக, எவ்வளவு சுத்தமாக வந்து நிற்கிறது. பல்லடம் டீச்சர் கேட்டால் நெற்றியில் முத்தம் கொடுப்பார். வீ வில் லோட் என்று மங்கலாகச் சொல்லிவிட்டால் என்ன? அதுவும் பொய்தானே, ஆனால் கொஞ்சம் குறைந்த பொய், இங்கர் பழக்கின பையன் அதைக் கேட்டதும் புருவத்தைச் சுருக்குவான், பிறகு அவன் பாடு. வீ ஆர் கோயிங் டு? மேகம் இருக்கிறதா? ஒரு துளிகூட இல்லை. குடோனில் வெள்ளைத் துணி உருளை உருளையாகக் கிடக்கிறது, அதன்மேல் யாரோ சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்ததை நேற்றுக்கூடப் பார்த்தாள். எந்தப் பொய் எந்த அளவு என்று தராசு பிடித்துக்கொண்டிருக்கிறோமே, காய்கறிக்காரி மாதிரி, என்று நினைத்துக்கொண்டாள். கணியூர் டோலில் வண்டி வரிசையில் நின்றது. பக்கத்தில் மாதியஸ் போனை அணைத்துவிட்டு, ஸாரி, வீட்டில் குழாய் ஒழுகுகிறதாம் என்றான்.

அவள் நினைத்த அதே குழாய். சிரிப்பு வந்தது, அடுத்த நொடி அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கினாள்.

"ஸோ," என்றான் அவன், "செகண்ட் லாட்?"

"வீ ஆர்," என்றாள். வந்தே விட்டது. அவளைக் கேட்காமல் நாக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது. அவன் முகம் லேசாகத் தளர்வதைப் பார்த்தாள். நம்பிக்கை ஒரு முகத்தில் வருவதை அவ்வளவு பக்கத்திலிருந்து அவள் அதுவரை பார்த்ததில்லை. மெயிலில் முகம் தெரியாது. இங்கரின் முகமும் அன்றைக்கு இப்படித்தான் தளர்ந்திருக்கும், வேறொரு ஊரில், வேறொரு ஜன்னலோரத்தில். வீ ஆர் என்று பாதியில் நின்ற வாக்கியம் காருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு லாரிக்காரர் டோல்காரப் பையனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"வீ ஆர் நாட்," என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். துணி சாயத்துக்கே போகவில்லை, சனிக்கிழமை எதுவும் லோடாகாது, எப்போது ஆகும் என்று எனக்கு உண்மையில் தெரியாது என்று சொன்னாள். வார்த்தைகள் கால் இடறி இடறி வந்தன. வாஸுக்குப் பதில் வேர் போட்டாள், நாட் கோ என்று ஏதோ சொன்னாள், ஸ்பீக்கர் போன் காலத்து இங்கிலீஷ் மாதிரி எல்லாம் உடைந்து வந்தது. அவன் தலையசைத்துக்கொண்டே கேட்டான், நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. இதோடு நிறுத்தியிருக்கலாம். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று ஒருத்தி உள்ளே சொன்னாள். ஆனால் வருங்காலத்துக்கு மூன்று வடிவம் யோசித்து யோசித்துக் கற்றவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சின்ன வாக்கியம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், அதில் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை.

"லாஸ்ட் இயர் ஐ லைடு," என்றாள். போன வருஷம் நான் பொய் சொன்னேன்.

பின்னால் ஒரு பஸ் அடித்த ஹாரனில் அது மூழ்கிவிட்டது. "ஸாரி?" என்றான் அவன், காதைப் பக்கத்தில் கொண்டுவந்து. ஐயோ, இன்னொரு தடவையா. ஒருமுறை சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தேன். நத்திங் என்று சொல்லிவிடலாம், கடவுளே ஹாரனை அனுப்பி ஒரு வழி விட்டிருக்கிறார். மயில்சாமி கண்ணாடியில் பார்த்தார். லாரி நகர்ந்தது.

"ஐ லைடு டு இங்கர். தி பாய்லர் வாஸ் நாட் புரோக்கன். தேர் வாஸ் நோ ஃப்ரைடே."

இந்தமுறை எல்லாம் சரியாக வந்தது. ஒரு தப்புகூட இல்லை. மயில்சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் ஏசியின் சத்தத்தைக் குறைத்தார், எதற்கோ.

மாதியஸின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. கோபமா, அவனுக்கும் வெட்கமா, அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், இதை நான் கொண்டுபோய் அவளிடம் சொல்லமாட்டேன், என்னால் முடியாது என்றான். போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினான். நீயே சொல். அவள் கையை நீட்டவில்லை. போன் மணி அடிப்பது வெளியே கேட்டது. மூன்றாவது மணியில் வாங்கிவிட்டாள், அது தரையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் வாங்குவதுபோல.

இங்கர் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். பின்னால் பாத்திரங்கள், குழந்தைகளின் கூச்சல், ஒரு குழந்தை பாடுகிறதா அழுகிறதா என்று தெரியாத ஒரு சத்தம். அங்கே காலை.

"இங்கர், இது ரேனு."

"ரேனு!" என்ன சந்தோஷம் அந்தக் குரலில். மாதியஸ் வந்து சேர்ந்தானா, அவனுக்கு இட்லி வாங்கிக் கொடு, கையால் சாப்பிடச் சொல், உன் மகள் எப்படி இருக்கிறாள், இன்னும் சுவரில் வரைகிறாளா? கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு அப்படியே வைத்துவிட முடிந்தால். இன்னும் கொஞ்சம் கேட்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பேசட்டும் என்று ஒரு பிச்சைக்காரத்தனம் அவளுக்குள் கையேந்தியது. இந்தக் குரலை இனிமேல் இப்படிக் கேட்கப்போவதில்லை. மறு கையால் பையின் வாரை முறுக்கிக்கொண்டு, இங்கர், நான் ஒன்று சொல்லவேண்டும் என்றாள். இரு, இங்கே ஒரே சத்தம், வெளியே வருகிறேன் என்றாள் இங்கர். செருப்புச் சத்தம், ஒரு கதவு. பிறகு நிசப்தம், காற்று. வந்துவிட்டாள், கஞ்சிக் கரண்டியோடுதான் வந்திருப்பாள். சொல்.

சொன்னாள்.

இங்கர் கேட்டாள், எழுதும்போது உனக்குத் தெரியுமா? தெரியும் என்றாள் ரேணுகா. துணி இல்லை என்று தெரியுமா? தெரியும். நான் துருக்கிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்வேன் என்று தெரியுமா? தெரியும், அதனால்தான் அப்படி எழுதினேன். இங்கர் மூச்சு விட்டாள். அது அழுகை இல்லை. மாடிப்படியில் ஒரு சுமையை இறக்கிவைத்துவிட்டு நிற்கிறவள் விடுகிற மூச்சு. ஒரு வருஷமாக எங்கே தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், என்றாள். உன் பாய்லரைப் பற்றி முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டுமோ என்று என் புருஷனிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். ரேணுகா ஏதோ சொல்ல வந்தாள், ஸாரி என்று சொல்லத்தான், அந்த வார்த்தை டீக்கடையில் தோள் இடித்துவிட்டால் சொல்கிற வார்த்தை என்று தோன்றி நின்றுவிட்டது. உள்ளே யாரோ இங்கரைக் கூப்பிட்டார்கள். குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்றாள் இங்கர். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மேஜை மாதிரி இருந்தது.

"ஐ வில் கால் யூ," என்றாள்.

ஐ ஆம் காலிங் யூ டுமாரோ என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியாதவள் அல்ல.

கருமத்தம்பட்டியில் ஒரு பேக்கரி முன்னால் மாதியஸ் வண்டியை நிறுத்தச் சொன்னான். மூன்று பேரும் இறங்கி நின்றார்கள். நல்ல வெயில். மயில்சாமி ஒன்றும் கேட்காமல் மூன்று டீ சொன்னார். மாதியஸ் கொஞ்சம் தள்ளிப்போய்த் தன் ஆபீஸுக்குப் பேசினான், சாவதானமாகத்தான் பேசினான், கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. திரும்பி வந்து, இந்த லாட் பண்டிகைச் சரக்கு இல்லை, வசந்தகாலத்துக்குத்தான், பாதியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள், மீதிக்கு இன்னும் ஒரு மாதம் தருகிறார்கள் என்றான். ஆனால் நான் குடோனைப் பார்க்க வேண்டும், இன்றைக்கே. அவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. இரண்டு நிமிஷப் பேச்சு. உண்மையைச் சொன்னால் தலைமேல் கூரை இடிந்து விழும் என்றுதானே இத்தனை நாள் இருந்தது. அன்றைக்கும் இவ்வளவுதான் ஆகியிருக்கும், இங்கர் கொஞ்சம் அலுத்துக்கொண்டு துருக்கிக்குப் போன் செய்திருப்பாள், பிறகு எப்போதாவது இட்லி சாப்பிட வந்திருப்பாள். இது தெரிந்ததும்தான் முன்னைவிட மோசமாக இருந்தது. தரையைப் பார்த்தாள். தன் செருப்பின் கட்டைவிரல் வார் பிய்ந்திருந்தது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை.

போன் அடித்தது. எம்.டி.

"எங்கம்மா இருக்கறீங்க? சாப்பாடு ஆறுது."

"கருமத்தம்பட்டி பேக்கரில நிக்கறமுங் சார். துணி சாயத்துக்குப் போகலைன்னு அவர்கிட்டச் சொல்லிப்போட்டனுங். போன வருஷத்துப் பாய்லரும் பொய்யின்னு சொல்லிப்போட்டனுங். இங்கர் மேடத்துகிட்டயும் சொல்லியாச்சுங். இவர் குடோனைப் பாக்கணும்கறாருங்."

டீ மாஸ்டர் கிளாஸைக் கல்மேல் தட்டிவைத்தார். எம்.டி. கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தட்டும், அந்தச் சத்தத்துக்குள் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம். அவர் கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, நிஜமாகவே புரியாதவர் மாதிரி கேட்டார்:

"யாரக் கேட்டும்மா சொன்னே?"

"யாரையும் கேக்கலீங் சார்," என்றாள் ரேணுகாதேவி. "அன்னைக்கு எழுதும்போதும் நான் யாரையும் கேக்கலீங்."